இரண்டு வண்ணக் கம்பளிக் குல்லா: எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது

நூல், ஊசி, கட்டம் போட்ட சார்ட் எல்லாம் ஒரே பையில் வரும் கிட்டை வாங்கி, பூவோ மலை முகடோ விழும்படி இரண்டு வண்ணத்தில் குல்லா பின்னுகிறவர்களுக்கான குறிப்பு இது. ஸ்வெட்டரே பின்னத் தெரிந்தவர்கள்கூட இந்தக் குல்லாவில் திணறுவதுண்டு. ஒரு வண்ணத்தில் கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) போடும்போது மற்ற வண்ணம் சும்மா இருப்பதில்லை. குல்லாவின் உட்புறத்தில் குறுக்கே ஓடிக்கொண்டே வருகிறது. அதை இங்கே ஓடுநூல் என்று சொல்வோம். முகப்பில் தெரியும் கோளாறு பெரும்பாலும் அந்த ஓடுநூலில்தான் பிறக்கிறது. ஆகவே எது கண்ணில் பட்டாலும் முதல் வேலை, குல்லாவை உள்புறம் வெளியே வரத் திருப்பிப் பார்ப்பது.

கணக்குக்கு ஒரு குல்லாவை எடுத்துக்கொள்வோம். 8 பிளை (நடுத்தரத் தடிமன்) கம்பளி, 50 கிராம் உருண்டைக்குச் சுமார் 110 முதல் 120 மீட்டர். நெற்றியைச் சுற்றி வரும் அடிப்பட்டைக்கு 3.5 மி.மீ. ஊசி, உடலுக்கு 4 மி.மீ. ஊசி, இரண்டும் 40 செ.மீ. நீள வட்ட ஊசிகள். 10 செ.மீ.க்கு 22 கண்ணி. மொத்தம் 112 கண்ணி; சுற்றளவு 51 செ.மீ. வரும். 56 செ.மீ. தலைக்கு இது சரி, ஏனென்றால் குல்லா தலையைவிட 4, 5 செ.மீ. சிறியதாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். சார்ட்டின் அகலம் 8 கண்ணி, அது சுற்றுக்கு 14 முறை திரும்பும். உங்கள் கிட்டில் எண்கள் வேறாக இருந்தால் அவற்றையே வைத்துக்கொண்டு இதே கணக்கைப் போடுங்கள்.

அடிப்பட்டை நன்றாக விரிகிறது, டிசைன் பகுதி மட்டும் சுருங்கிக் கிடக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். அடிப்பட்டையை இரண்டு கையாலும் இழுத்தால் விரியும். டிசைன் பகுதியை இழுத்தால் விரியாது, கண்ணிகள் மேடு பள்ளமாக எழும்பும். உள்ளே திருப்பிப் பாருங்கள். ஓடுநூல்கள் வீணைத் தந்திபோல் விறைத்து நிற்கும். ஐந்து கண்ணி அகலத்தை, அதாவது 2.3 செ.மீ. தூரத்தைக் கடக்க வேண்டிய நூலுக்கு ஒன்றரை செ.மீ.தான் கிடைத்திருக்கிறது.

வண்ணம் மாற்றும் இடத்தில்தான் தவறு நடக்கிறது. பின்னி முடித்த கண்ணிகள் வலது ஊசியில் நெருங்கி ஒண்டியிருக்கும்போதே அடுத்த வண்ணத்தை எடுத்து இழுத்துவிடுகிறோம். நெருங்கிய கண்ணிகளுக்கு ஏற்ற நீளத்தில் நூல் நின்றுவிடுகிறது. பிறகு அவை விரிய இடமில்லை. ஒவ்வொரு முறை வண்ணம் மாற்றும் முன்பும் வலது ஊசியில் உள்ள கடைசி எட்டு, பத்து கண்ணிகளை விரலால் தள்ளி, குல்லாவில் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டுமோ அவ்வளவுக்கு விரித்துவிட்டு, பிறகு புது வண்ணத்தில் முதல் கண்ணியைப் போடுங்கள். அந்த முதல் கண்ணி கொஞ்சம் தொளதொளவென்று தெரிந்தாலும் இழுக்காதீர்கள். அடுத்த இரண்டு கண்ணியில் அது தானாக அமர்ந்துவிடும்.

அப்படியும் கை இறுக்குகிறதென்றால், குல்லாவை உள்வெளியாகத் திருப்பி வைத்துப் பின்னுங்கள். வழக்கமாக நமக்கு அருகில் உள்ள ஓரத்தில் பின்னுவோம். முகப்பு வெளியே இருக்கும். இப்போது எதிர் ஓரத்தில் பின்ன வேண்டும். முகப்பு குழாயின் உள்பக்கம் போய்விடும், ஓடுநூல்கள் வெளிச்சுற்றில் வரும். வெளிச்சுற்று உள்சுற்றைவிட நீளமானது, அதனால் நூல் தானாகவே சற்று அதிகம் எடுத்துக்கொள்ளும். நிட் (முகப்பில் V போல விழும் சாதாரணக் கண்ணி) போடும் முறை மாறாது, சார்ட்டையும் மாற்ற வேண்டியதில்லை. இறுக்கிப் பின்னும் கைக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. டிசைன் பகுதிக்கு மட்டும் ஊசியை 4.5 மி.மீ.க்கு மாற்றுவதும் உதவும், ஆனால் அது இரண்டாவது வழிதான். ஓடுநூலை இழுக்கும் பழக்கம் பெரிய ஊசியிலும் கூடவே வரும்.

பருவமும் இதில் சேர்கிறது. சேலத்து ஏப்ரல், மே புழுக்கத்தில் விரல் வியர்த்து, நூல் ஊசியில் ஒட்டி, கை தானாக இறுக்கும். அலுமினிய ஊசியாக இருந்தால் வெளிர் நிற நூலில் சாம்பல் கறையும் ஏறலாம். மூங்கில் ஊசிக்கு மாறி, பக்கத்தில் ஒரு காய்ந்த துண்டு வைத்துக்கொண்டு, காலையிலோ இரவிலோ பின்னுவது நல்லது. கீழே வீட்டில் பாதி பின்னி, சுமார் 1,500 மீட்டர் உயர ஏற்காட்டில் மீதியை முடிப்பவர்கள், மேலே போனதும் நாலு சுற்று பின்னிவிட்டு அளந்து பாருங்கள். கண்ணி இறுக்கம் மாறியிருந்தால் அங்கேயே தெரியும்.

பின்னி முடித்தாகிவிட்டது, சுருக்கம் லேசாகத்தான் இருக்கிறது என்றால், நனைத்து விரித்துக் காயவைத்தால் அசல் கம்பளி ஓரளவு நெகிழும். அக்ரிலிக் நெகிழாது. 51 செ.மீ. வர வேண்டியது 47-க்குக் கீழே இருந்தால் நனைத்துப் பயனில்லை. பிரிப்பதே நேர்மையான வழி.

பிரிப்பது என்றதும் பயம் வருவதற்குக் காரணம் கண்ணிகள் அவிழ்ந்து ஓடிவிடும் என்பதுதான். அதனால் சார்ட் தொடங்கும் முன்பே ஒரு காப்பு நூல் போட்டுவிடுங்கள்: வழவழப்பான பருத்தி நூலை மழுங்கிய ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் உள்ள 112 கண்ணிகளின் ஊடாகவும் ஓட்டிவிட வேண்டும். எவ்வளவு பிரித்தாலும் அந்த வரியில் நின்றுவிடும். சார்ட்டின் நடுவில் இன்னொன்று போட்டால் இன்னும் நிம்மதி. கம்பளி நூலையே காப்பாகப் போடாதீர்கள், அதன் மயிர் சிக்கி உருவ வராது.

குல்லா போடும்போது உள்ளே விரலோ கம்மலோ மாட்டுகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர்: ஓடுநூல் அளவுக்கு மேல் நீளம். ஒரே வண்ணம் ஐந்து கண்ணிக்கு மேல் தொடர்ந்தால், நடுவில் ஒரு இடத்தில் ஓடுநூலைப் பிடிக்க வேண்டும். ஓடுநூலைத் தூக்கி, பின்னும் நூலின் மேலாகக் குறுக்கே வைத்து, ஒரு கண்ணி போட்டு, பிறகு பழைய இடத்துக்கே இறக்கிவிடுங்கள்.

இதிலும் ஒரு கவனம் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அதே கண்ணியில் பிடித்தால், முகப்பில் மற்ற வண்ணம் செங்குத்தாகப் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். வெள்ளைப் பின்னணியில் கருப்பு ஓடுநூல் என்றால் தப்பவே தப்பாது. ஒரு சுற்றில் மூன்றாவது கண்ணியில் பிடித்தால், அடுத்ததில் ஐந்தாவதில் பிடியுங்கள்.

முடித்த குல்லாவில் நீண்ட ஓடுநூல் இருந்தால், அதே வண்ண நூலைத் தையல் ஊசியில் கோத்து, உட்புறக் கண்ணியின் முதுகோடு ஒரு தையல் போட்டு நிறுத்தலாம்.

சார்ட் சரி, கண்ணி சரி, ஆனால் டிசைன் மங்கலாகத் தெரிகிறது

இரண்டு காரணம் இருக்கலாம். வண்ணங்களின் அழுத்தம் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செல்போனில் படம் எடுத்து கருப்பு வெள்ளையாக மாற்றினால் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், எவ்வளவு அழகாகப் பின்னினாலும் டிசைன் எழும்பாது. சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு வேறு வேறு. ஆனால் சம அழுத்தமாக இருந்தால் நாலு அடி தள்ளி நின்று பார்க்கையில் கலந்துவிடும். நூலைச் சேர்க்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

படத்தில் வேறுபாடு நன்றாகத் தெரிந்தும் குல்லாவில் மங்கினால், நூல் பிடிக்கும் வரிசை மாறியிருக்கிறது. பின்பக்கத்தில் இரண்டு ஓடுநூல்களில் ஒன்று எப்போதும் மேலாகவும் மற்றொன்று கீழாகவும் ஓடும். கீழாக ஓடும் நூல் ஊசிக்கு வரக் கொஞ்சம் கூடுதல் தூரம் கடக்கிறது. அதனால் அதன் கண்ணி ஒரு மயிரிழை பெரிதாக விழுந்து முன்னால் எழுந்து நிற்கிறது. மேலாக ஓடுவது பின்வாங்கும். எனவே டிசைன் வண்ணத்தை எப்போதும் கீழாகவும், பின்னணி வண்ணத்தை மேலாகவும் ஓட்டுங்கள். இரண்டு கையில் நூல் பிடிப்பவர்களுக்கு டிசைன் வண்ணம் இடது கையில் இருக்க வேண்டும்.

நடுவில் எழுந்து போய்விட்டு வந்து உட்காரும்போதுதான் இது மாறிப்போகும். குல்லாவில் ஒரு பாதி பூ எடுப்பாகவும் மறுபாதி மங்கலாகவும் இருந்தால் அந்த இடத்தில் நூல் கை மாறியது என்று பொருள். டிசைன் நூல் உருண்டையை எப்போதும் இடப்பக்கமும் பின்னணி உருண்டையை வலப்பக்கமும் வையுங்கள். இரண்டு நூலும் முறுக்கிக்கொண்டு சிக்காகும் தொல்லையும் அதோடு போகும்.

டிசைன் ஒரு பக்கமாகச் சரிகிறது, அல்லது சுற்றின் முடிவில் கண்ணி மிஞ்சுகிறது

வட்டமாகப் பின்னும்போது சார்ட்டின் எல்லா வரியையும் வலமிருந்து இடமாக, கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். நமக்கு இடமிருந்து வலமாகப் படித்தே பழக்கம் என்பதால் கண் தானாக அந்தப் பக்கம் ஓடும். சமச்சீரான பூ என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பறவையோ எழுத்தோ இருந்தால் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி விழும். முன்னும் பின்னுமாகத் தட்டையாகப் பின்னி ஓரத்தைத் தைக்கும் கிட்டில் மட்டும்தான் பின்வரிகள் இடமிருந்து வலம்.

கண்ணி மிஞ்சினாலோ குறைந்தாலோ சுற்று முழுவதையும் எண்ணாதீர்கள். ஒவ்வொரு 8 கண்ணிக்கும் ஒரு குறி வளையம் போட்டிருந்தால் தவறு எந்த எட்டில் என்று உடனே தெரியும். வளையம் கிட்டில் இல்லாவிட்டால், மாறுபட்ட வண்ண நூலைச் சின்ன வளையமாகக் கட்டிப் போட்டுக்கொள்ளலாம். குறைந்த கண்ணி பெரும்பாலும் கீழே நழுவித் தொங்கிக்கொண்டிருக்கும். குரோஷா ஊசியால் ஏணிப்படி ஏறுவதுபோல் வரி வரியாக மேலே கொண்டுவாருங்கள், அந்தந்த வரியின் வண்ணத்தைப் பிடித்துக்கொண்டு.

ஒரே ஒரு கண்ணி மட்டும் வண்ணம் மாறி விழுந்திருந்தால் பிரிக்கவே வேண்டாம். சரியான வண்ணத்தில் 30 செ.மீ. நூலை மழுங்கிய ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணியின் இரண்டு காலும் சேரும் அடிமுனையில் உள்ளிருந்து வெளியே வாருங்கள். மேலே உள்ள கண்ணியின் இரு கால்களுக்கும் பின்னால் வலமிருந்து இடமாக ஊசியை ஓட்டுங்கள். பிறகு தொடங்கிய அதே அடிமுனையில் உள்ளே இறக்குங்கள். இழுக்காமல், தவறான கண்ணி மறையும் அளவுக்கு மட்டும் நூலை அமர்த்தினால், கூர்ந்து பார்த்தாலும் ஒட்டு தெரியாது. ஏழெட்டுக் கண்ணி வரை இப்படிச் சரிசெய்யலாம். அதற்கு மேல் போனால் அந்த இடம் தடித்து நிற்கும்.

சுற்று தொடங்கும் இடத்தில் டிசைன் ஒரு படி ஏறி நிற்கிறது

இது தவறே கிடையாது. வட்டப் பின்னல் உண்மையில் சுருள். ஒரு சுற்றின் முடிவு அதன் தொடக்கத்தைவிட ஒரு வரி மேலே இருக்கத்தான் செய்யும். அதை முழுதாக ஒழிக்க முடியாது, குறைக்கலாம். கோடு கோடாக வரும் பகுதியில், புது வண்ணத்தில் ஒரு சுற்று முடிந்ததும், அடுத்த சுற்றின் முதல் கண்ணிக்கு நேர் கீழே உள்ள பழைய வண்ணக் கண்ணியின் வலது காலைத் தூக்கி இடது ஊசியில் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே நிட்டாகப் போடுங்கள். பூ வேலையில் இது உதவாது. அங்கே சுற்றின் தொடக்கம் பின்னந்தலைக்கு வரும்படி குல்லாவைப் போட்டுக்கொள்வதே போதும்.

அடிப்பட்டை ஒரு முழுத் திருகு திருகிக் கிடக்கிறது

கண்ணி ஏற்றிய வரியை வட்டமாகச் சேர்க்கும்போது ஊசியில் அது முறுக்கிக்கொண்டது. முதல் சுற்றின் முடிவில் கண்டுபிடித்தால், ஊசிகளுக்கு இடையே உள்ள நூலில் திருப்பிவிட்டுச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போய்விட்டால் பிரிக்க வேண்டியதுதான். வராமல் தடுக்க எளிய வழி: முதல் இரண்டு வரியைத் தட்டையாகப் பின்னிவிட்டு, பிறகு வட்டமாகச் சேருங்கள். பட்டை முறுக்கினால் அப்போது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். இடையில் விழும் சின்ன இடைவெளியைத் தொடக்க நூல்வாலால் தைத்துவிடலாம்.

அடிப்பட்டை நெற்றியில் தடம் பதிக்கிறதென்றால் கண்ணியை இறுக்கி ஏற்றியிருக்கிறீர்கள். ஏற்றுவதற்கு மட்டும் 4.5 மி.மீ. ஊசி எடுத்து, பின்னத் தொடங்கும்போது 3.5-க்கு மாறுங்கள்.

அளவு சரியில்லை

10 செ.மீ.க்கு 22-க்குப் பதில் 24 கண்ணி விழுந்தால் 112 கண்ணிக் குல்லா 46.7 செ.மீ. ஆகிவிடும், சிறுவனுக்குத்தான் சேரும். 20 விழுந்தால் 56 செ.மீ.; ஏற்காட்டுச் சாலையின் மூன்றாவது ஹேர்பின் வளைவுக்குள் காற்றில் பறந்துவிடும். ஆகவே மாதிரித் துண்டைத் தவிர்க்காதீர்கள். அதை ஒற்றை வண்ணத்தில் தட்டையாகப் பின்னி அளப்பது வீண். இரண்டு வண்ணத்தில், வட்டமாக, சார்ட்டையே பின்னி, நனைத்துக் காயவைத்த பிறகு அளக்க வேண்டும். அளவு மாற்ற வேண்டுமானால் எட்டெட்டாக மாற்றுங்கள்: 96 கண்ணிக்கு 43.6 செ.மீ., 104-க்கு 47.3, 120-க்கு 54.5. எல்லாமே நாலாலும் எட்டாலும் வகுபடும் என்பதால் 2 நிட், 2 பர்ல் (நிட்டின் மறுபக்கம் முகப்பில் தெரியும் கண்ணி) பட்டையும் உச்சிக் குறைப்பும் மாறாமல் வரும்.

பின்னும்போது சரியாக இருந்து, துவைத்ததும் சிறுத்துவிட்டது என்றால் நூல் சுற்றிய விதத்தைச் சந்தேகியுங்கள். சில கிட்டுகளில் நூல் உருண்டையாக வராது, சிட்டாவாக (பெரிய வளையமாகச் சுற்றிய கட்டாக) வரும். சேலத்தில் அம்மாப்பேட்டை, குகை ஆகிய பகுதிகளின் தறி வீடுகளில் ராட்டையில் போட்டு நிமிடத்தில் சுற்றித் தந்துவிடுவார்கள். ஆனால் பருத்தி நூலைத் தாருக்கு (தறி நாடாவில் வைக்கும் குச்சிக்கு) சுற்றும் அதே விறைப்பில் சுற்றினால் கம்பளி நீண்டுவிடும். நீண்ட நிலையிலேயே பின்னி, தண்ணீர் பட்டதும் அது பழைய நீளத்துக்குத் திரும்பும். மூன்று விரலை உருண்டைக்குள் வைத்து, அவற்றின் மேல் தளர்வாகச் சுற்றச் சொல்லுங்கள்.

உச்சி கூம்பாக நிற்கிறது, அல்லது மடிப்பு மடிப்பாகக் குவிகிறது

கண்ணி குறைப்பது மெதுவாக நடந்தால் கூம்பு. அவசரமாக நடந்தால் மடிப்பு. 112 கண்ணியை 14 கண்ணியாக எட்டுப் பங்கு வையுங்கள். முதல் குறைப்புச் சுற்றில் 12 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று. இதை எட்டு முறை செய்தால் 104. ஒரு சுற்று குறைக்காமல் பின்னி, அடுத்ததில் 11 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று. இப்படி ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றாக ஆறு முறை குறைத்தால் 64 வரும். அங்கிருந்து ஒவ்வொரு சுற்றிலும் குறைத்து 8 கண்ணியில் நிறுத்துங்கள். மொத்தம் 19 சுற்று, சுமார் 7.5 செ.மீ. 4 செ.மீ. பட்டை, 10.5 செ.மீ. உடல் சேர்த்தால் குல்லாவின் உயரம் 22 செ.மீ.

கண்ணி 64-க்குக் குறைந்ததும் வட்ட ஊசியைச் சுற்றி எட்டாது. இருமுனை ஊசி நான்குக்கு மாற்றுங்கள். ஊசிக்கும் ஊசிக்கும் இடையே ஏணிபோல் இடைவெளி விழுந்தால், புது ஊசியின் முதல் கண்ணியைச் சாதாரணமாகப் போட்டுவிட்டு இரண்டாவது கண்ணியை இழுத்து அமர்த்துங்கள். கடைசி 8 கண்ணியின் ஊடாக நூலை ஒரு முறை ஓட்டினால் காலப்போக்கில் உச்சியில் ஓட்டை விழும். இரண்டு முறை ஓட்டி இறுக்குங்கள்.

பின்னணி நூல் தீர்ந்துவிடும்போல் இருக்கிறது

சமையலறைத் தராசில் உருண்டையை நிறுத்து, நாலு சுற்று பின்னிவிட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். மிச்சமுள்ள சுற்றுகளுக்குப் போதுமா என்று அப்போதே தெரியும். போதாதென்றால் உச்சியில் வண்ணங்களை இடம் மாற்றிக்கொள்ளலாம். கடையில் அதே நிறம் வாங்கும்போது லேபிளில் சாய எண் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். அக்ரிலிக்கையும் உல்லன் என்றே சொல்லி விற்பார்கள். ஒரு சிறு துண்டை இடுக்கியால் பிடித்துக் கொளுத்தினால், கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு பொடியாகும், அக்ரிலிக் உருகிக் கடின மணியாகும். இரண்டையும் ஒரே குல்லாவில் கலந்தால் துவைக்கும்போது ஒன்று ஒரு விதமாகவும் மற்றது வேறு விதமாகவும் நடந்துகொள்ளும்.

துவைத்ததும் வெள்ளையில் சிவப்பு இறங்கிவிட்டது

காயவிடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே நிறைய பச்சைத் தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, தண்ணீர் தெளியும் வரை மாற்றி மாற்றி அலசுங்கள். உப்புப் போட்டு ஊறவைப்பது பருத்திச் சாயப்பட்டறைப் பழக்கம். கம்பளியில் ஏற்றும் சாயத்துக்குப் புளிப்பும் கொதிநிலையை ஒட்டிய சூடும் சேர்ந்து வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் உப்போ வினிகரோ கலந்தால் சாயம் பிடிக்காது. அழுத்தமான நிறம் எதுவானாலும் பின்னும் முன்பே ஒரு முழம் நூலை நனைத்து, வெள்ளை வேட்டித் துண்டில் வைத்து அழுத்திப் பார்த்துவிடுங்கள். கறை படிந்தால் அந்த நூலை முழுவதும் தனியாக அலசிக் காயவைத்த பிறகு தொடங்கலாம்.

துவைக்கும் தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாது. சூடும் கசக்கலும் சேர்ந்தால் கம்பளி இறுகிக் கட்டியாகிவிடும். அதற்கு மாற்று இல்லை. சில சொட்டு ஷாம்பு விட்டு 20 நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். பிறகு 52 செ.மீ. சுற்றளவுள்ள எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன் மேல் டிசைன் பகுதியை மாட்டிக் காயவையுங்கள். அடிப்பட்டை விரியாமல் கீழே தொங்கட்டும். சேலத்தில் மொட்டை மாடி வெயில் வேண்டாம், நிறம் வெளுக்கும். ஏற்காட்டில் மழை, மூடுபனி நாட்களில் தானாகக் காயும் என்று விட்டால் ஈர நாற்றம் ஏறிவிடும், சாயமும் மெல்ல இறங்கும். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்து, பாதி காய்ந்ததும் பாத்திரத்திலிருந்து எடுத்து உள்வெளியாகத் திருப்பிப் போடுங்கள், ஓடுநூல்களில் தங்கும் ஈரம்தான் கடைசியாகப் போகும்.